என் கணக்குச் சேனலில் ஒட்டிய இரண்டு பாட்டு

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. பாளையங்கோட்டையில் தூறல். மூன்றாவது எச்சரிக்கை வந்திருந்தது. ஏழு நாளில் என் இணைய வீடியோ சேனலை மூடிவிடுவார்களாம். ஓய்வு பெற்றபின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அதில் 318 கணக்குப் பாடங்கள் போட்டிருக்கிறேன். மார்ச்சில் பொதுத் தேர்வு.

மனைவியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, அவளுக்குப் பிடித்த இரண்டு சினிமாப் பாடல்களை எட்டெட்டுத் தாளமாக எண்ணி, ஒன்றின் மெட்டில் மற்றதன் குரலை ஏற்றி ஒட்டியிருந்தேன். மேஷ்அப் என்கிறார்கள். வெளியூரில் இருக்கும் மகளும் கேட்கட்டும் என்று சேனலில் போட்டேன். காணாமல் போயிற்று. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். அதுவும் போயிற்று. மூன்றாம் முறையும் போட்டேன். உரிமை மீறல் என்று எச்சரித்து இடையில் வந்த ஆங்கில மின்னஞ்சல்களை விளம்பரம் என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது வீடியோவை அழித்தாலும் எச்சரிக்கை அழியாதாம்.

என் பழைய மாணவர் ஒருவர் இங்கே கோர்ட்டில் வக்கீல். கல்யாணப் பத்திரிகையில் போடுவது போல, வீடியோவுக்குக் கீழே பாட்டு உரிமை வைத்திருக்கும் இரண்டு கம்பெனிகளின் பெயரையும் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேனே என்று அவரிடம் கேட்டேன்.

"சார், அந்த நன்றிதான் உங்க வாக்குமூலம் மாதிரி ஆயிட்டு. ரெண்டு பாட்டை ஒட்டினா ரெண்டு இடத்துலயும் முன்னாடியே கேட்டிருக்கணும்."

புகார் கொடுத்திருந்த இரண்டு கம்பெனிக்கும் எழுதினேன். மற்றவர் புகாரைத் திரும்பப் பெற்றால் நாங்களும் பெறுகிறோம் என்று முதல் கம்பெனி சொன்னது. இரண்டாவதும் அதையே சொன்னது. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சேலை எடுத்துக் குடுத்திருந்தா மடிச்சு வச்சிருப்பேன். உங்களை யாரு பாட்டைப் போட்டு ஒட்டச் சொன்னா?" என்றாள் மனைவி.

கடைசியில் வக்கீல் இருவருக்கும் சேர்த்து ஒரே உறுதிமொழி எழுதினார். இனி ஒட்டமாட்டேன், ஒட்டியதற்குக் கட்டணம் தருகிறேன் என்று கையெழுத்திட்டேன். இருபதாம் தேதி மாலை இரண்டு புகாரும் விலகின. பாடங்கள் 318ம் இருக்கின்றன. பாட்டு இல்லை.

ஆனால் அடுப்படியில் அவள் அந்த இரண்டையும் நான் ஒட்டிய இடத்திலேயே ஒட்டி முணுமுணுக்கிறாள். அதற்கு அனுமதி வேண்டுமா என்று வக்கீலிடம் நான் கேட்கவில்லை.

கம்பெனிக்கு வரியோடு 5,900 வீதம் இரண்டு, முத்திரைத்தாள், நோட்டரி 350. வக்கீல் பீஸ் வாங்கவில்லை. மொத்தம் ரூபாய் 12,150.