நீளத் திரி மாத்திரை

மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பதோடு நர்ஸ் வேலை முடிந்துவிடுவதில்லை. அது உள்ளே போய் என்ன சேட்டை செய்தாலும் பழி நம் தலையில்தான். இன்று இருட்டின நேரம், கரண்ட் போன வீட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து 'கறுக், கறுக்' என்று ஒரு சத்தம். ஊரைச் சுற்றி வெடி வெடித்தாலும் திரும்பிப் பார்க்காதவள், இந்தச் சின்னச் சத்தத்துக்கு நடுங்கிப்போனேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், என் ரெண்டு வயது மகன் எதையோ மென்றுகொண்டிருக்கிறான். மடியில் மாமியாரின் பிரஷர் மாத்திரை டப்பா, மூடி திறந்து கிடக்கிறது.

அவன் இப்போது தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நர்ஸிங் படிக்கிற தங்கச்சிகளே, நான் ஏன் அப்படி வெலவெலத்தேன் என்று புரிய வேண்டுமானால் முதலில் என் வார்டு ஆட்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீக்குப் போன சத்து

ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி வருவாள். பட்டாசு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற வேலை. இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடுவதில்லை, ஆனாலும் ரத்தம் ஏறவில்லை. விசாரித்தால், கம்பெனியில் டீ வரும்போதுதான் மாத்திரை ஞாபகம் வருமாம், டீயிலேயே விழுங்கிவிடுவாளாம்.

"தேநீரில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலால் அதை உறிஞ்ச முடியாது" என்று விளக்கினேன். நான் கான்வென்டில் படித்தவள். வாயைத் திறந்தாலே ஜெபம் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று வார்டில் எல்லோருக்கும் கேலி. எலுமிச்சை ஜூஸில் போடு, டீயை ரொம்பத் தள்ளிக் குடி என்றேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப இம்புட்டு நாளும் சத்து எனக்கு வரல, டீக்குல்ல போயிருக்கு. அந்த டீ அம்புட்டுத் திடமா இருக்கையிலயே நெனச்சேன், சிஸ்டர்."

மஞ்சள்

வெம்பக்கோட்டைப் பக்கம் கலர் மத்தாப்புக்கு மருந்து கலக்குகிற அண்ணன் ஒருவர். வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தோம். மறுநாள் சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பளீர் மஞ்சள். பயப்படாதீர்கள், உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கிட்னி வழியாகக் கழித்துவிடுகிறது என்றேன். அவர் பயப்படவே இல்லை. "தலைகீழா நின்னாலும் எங்க கம்பெனியில இந்தக் கலரு வர மாட்டேங்குது. இதுல என்ன சேக்குறீக, சிஸ்டர்?"

செக்போஸ்ட்

சாத்தூர் வியாபாரி ஒருவருக்கு வார்டில் நெஞ்சுவலி. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடத் திரும்பினேன். அதற்குள் தண்ணீரைக் குடித்து விழுங்கியே விட்டார். டாக்டர் இன்னொன்று வைக்கச் சொன்னார். இந்தத் தடவை தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றேன். வலி இறங்கியது.

அப்புறம் சொன்னேன்: நாக்குக்கு அடியில் கரைந்தால் நேரே ரத்தத்துக்குப் போகும், விழுங்கினால் குடல் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும், அங்கேயே பெரும்பகுதி அழிந்துவிடும். நெஞ்சைத் தடவியபடி கேட்டுக்கொண்டவர், பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பினார். "கேட்டீகளா, வயித்துக்குள்ளயும் செக்போஸ்ட்டு வச்சிருக்கான். லோடுல முக்காவாசிய எறக்கிட்டுத்தான் வண்டிய விடுவானாம்."

திரியைக் கிள்ளினால்

என் தூக்கத்தைக் கெடுத்தவர் இவர்தான். ஒரு பட்டாசு கம்பெனி போர்மேன். பிரஷர் மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் சிக்குகிறது என்று முனகியிருக்கிறார். பாசக்கார மனைவி அதை நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டார். அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவென்று செய்த மாத்திரை. நுணுக்கினதும் மொத்தமும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறி, பிரஷர் மளமளவென்று இறங்கி, மனுஷன் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். ஸ்ட்ரெச்சரில்தான் வந்தார்.

தெளிந்த பிறகு, நுணுக்காமல், கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும் என்று இருவருக்கும் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "நீளத் திரிய ஒட்டக் கிள்ளிட்டுல்ல பத்த வச்சிருக்கா. இவ கையில இனி தீப்பெட்டிகூடக் குடுக்கக் கூடாது, சிஸ்டர்."

டப்பா

மாமியாரின் மாத்திரையும் அதே நீளத் திரி ரகம். பெரிய ஆளையே சாய்த்தது, ரெண்டு வயதுப் பிள்ளை பல்லால் கடித்தால் என்ன ஆகும்? அதை நினைத்துத்தான் நடுங்கினேன். அவன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். பைக்கை எடுங்கள் என்று கணவரிடம் கத்தினேன். "அத்தே, டப்பாவுல எத்தன மாத்திரை இருந்துச்சு?" மறுபடி கேட்டேன். இருட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது: "மாத்திரை பீரோவுலல்ல இருக்கு."

"அப்ப இதுல?"

"காரச்சேவு."

விரலை மோந்து பார்த்தேன். பூண்டு வாசனை. அதற்கப்புறமும் நம்பாமல் பீரோவைத் திறந்து பார்த்தேன். மாத்திரை அட்டை கிழிபடாமல் இருந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரஷருக்கு உப்பு ஆகாது என்று வீட்டில் சேவுக்குத் தடை போட்டதே நான்தான். வாசலில் பைக் உறுமிக்கொண்டிருந்தது. அத்தை பேரனை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்கள்: "மாத்திரை டப்பான்னா நீ தொட மாட்டேன்னுதான் அதுல வச்சேன். இந்தப் பய காட்டிக் குடுத்துட்டானே."

மாத்திரையோ சேவோ, இனி எல்லாம் பிள்ளை நுழைய முடியாத இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன், அத்தையும் தலையாட்டினார்கள்.

மருந்து உடம்புக்குள் போகிற வழியைப் படித்துப் பாஸாகிவிடலாம் தங்கச்சிகளே, காரச்சேவு போகிற வழியைத்தான் எந்த நர்ஸாலும் அடைக்க முடியாது என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, டப்பாவோடு அறைக்குள் போன அத்தை, சொன்ன சொல் தவறாமல், கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கிறது.