ஆனர்ஸ் படிப்புக்காக ஒரு மாட்டுத் திருட்டு

நல்லகாமனும் நானும் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருந்தோம். அவன் கணக்கு, நான் தமிழ். பள்ளியில் ஆண்டு விழா என்றால் அன்றைக்கு அவன் வரமாட்டான். யாராவது மேடையேறி யாருக்காவது நன்றி சொல்வதைப் பார்த்தால் தனக்குக் குமட்டுகிறது என்பான். திமிர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவன் கதை எனக்கு முழுதாகத் தெரிய ரொம்ப நாளாயிற்று.

அவன் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. அப்பா பேயாண்டி, ஆத்தா சீனியம்மாள். கொஞ்சம் மானாவாரிக் காடு, கிணற்றடியில் கொஞ்சம் வயல், ஒரு சோடி மாடு. பேயாண்டி பிறத்தியார் தோட்டத்தில் ஒரு கத்தரிக்காய்கூடப் பறித்தவரில்லை. ஆனாலும் குற்றப் பரம்பரை என்று சட்டம் முத்திரை குத்திய சாதியில் ஆணாகப் பிறந்துவிட்டதால் அவருடைய கைரேகை சர்க்காரிடம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் போலீஸ் கொட்டடிக்குப் போய்ப் படுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட ராதாரிச் சீட்டு என்று ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டுக் கேட்டதில்லை என்றான் நல்லகாமன். மழை பெய்யாததைப் போல அதுவும் ஒன்று.

முப்பத்தேழாம் வருஷம் நல்லகாமன் இண்டர்மீடியட்டில் கணக்கில் முதல் வகுப்பில் தேறினான். மதுரையிலேயே பி.ஏ. பாஸ் வகுப்பில் சேரலாம். ஆனால் அவனுடைய விரிவுரையாளர் கண்ணுச்சாமி, "பாஸ் படிச்சா குமாஸ்தா வேலை. ஆனர்ஸ் படிச்சாத்தான் என்னை மாதிரி காலேஜ்ல நிக்கலாம். மெட்ராஸுக்கு எழுதிப் போடு" என்றார். எழுதிப் போட்டான். சென்னையில் பெரிய கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்துவிட்டது. அதுவரை வந்துகொண்டிருந்த சர்க்கார் உதவிப் பணம் இண்டர்மீடியட்டோடு முடிந்திருந்தது. காலேஜ் சம்பளத்துக்கும் ஹாஸ்டலுக்கும் வேறு வழி பார்க்க வேண்டும்.

அப்போது மதுரையில் பஞ்சு வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வித் தர்ம சபை ஒன்று நடத்தினார்கள். ராவ்சாகிப் சபாநாயகம் அதன் காரியதரிசி. தல்லாகுளத்தில் அவர் பங்களாவுக்கு நல்லகாமன் போனான். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் மேஜைமேல் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவன் பார்க்கிறானே என்றுகூட அவர் கூசவில்லை.

"மார்க்கெல்லாம் சரி தம்பி. மார்க் வாங்கினவன் எத்தனையோ பேர் வர்றான். உன்னால சபைக்கு என்ன பிரயோசனம்?"

"படிச்சு முடிச்சு எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு…"

"அது மூணு வருஷம் கழிச்சு. இந்த மாசம் ஆண்டு விழா வைக்கிறோம், வெள்ளைக்கார துரை வர்றார். உங்கப்பன் ரேகை வச்சவன்தானே? மேடைக்குக் கூட்டிட்டு வா. திருடிப் பிழைச்சேன், மகன் படிக்கப் போனதும் திருந்திட்டேன்னு நாலு வார்த்தை சொல்லட்டும்."

"எங்கப்பா திருடினதில்லைங்க."

"அதை யாரு கேட்டா?" என்றார் ராவ்சாகிப்.

நல்லகாமன் ஊருக்கு வந்து சொன்னபோது பேயாண்டி வாய்க்காலுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுத்தானா? சொல்லிட்டுப் போறேன்."

"பொய்யில்லையாப்பா?"

"அவங்க நம்பிக்கிட்டிருக்கிறதைத்தானடா சொல்லப் போறேன். நான் புதுசா என்ன பொய்யச் சொல்லப் போறேன்?"

சீனியம்மாளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "வேணாம்யா. வாயால சொன்னா ஒட்டிக்கிரும்" என்றாள். அவள் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

விழாவுக்கு முந்திய நாள் பேயாண்டிக்குப் பங்களாவில் ஒத்திகை நடந்தது. பொதுவாகத் திருடினேன் என்றால் சப்பென்று இருக்கும், ஒரு சம்பவம் வேண்டும் என்றார் ராவ்சாகிப். நாகமலை அடிவாரத்தில் சந்தைக்குப் போன வண்டிக்காரன் மத்தியானம் மரத்தடியில் தூங்கும்போது மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனதாக அவரே ஒரு கதை சொல்லிக்கொடுத்தார். பத்திரிகையில் எப்போதோ படித்த செய்தியாம். பேயாண்டி மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

மேடையில் அவர் இவ்வளவு பிரமாதமாகப் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாட்டின் கழுத்து மணியில் வைக்கோலைத் திணித்ததாகத் தாமாகவே ஒன்றைச் சேர்த்தார். சபை சிரித்தது. வண்டிக்காரனின் குறட்டையை விட்டுக் காட்டினார். மொழிபெயர்த்துச் சொன்னதும் துரையும் சிரித்தார். பட்டுப் புடவைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் பேயாண்டி தம் தடியைத் துரையின் காலடியில் வைத்து, "இனித் தொடமாட்டேன் சாமி" என்று விழுந்து கும்பிட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அது மாடு மேய்க்கும் தடி.

நல்லகாமன் முன்வரிசையில் இருந்தான். "எங்கப்பா தரையில கிடக்கிறாரு. 'உதவிப் பணம் கெடச்சிருச்சு'ன்னு என் மனசு கணக்குப் போடுது. அந்தக் கூட்டத்திலேயே அருவருப்பான ஆளு நான்தான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த வாரமே ஒருநாள் காலையில் பேயாண்டி கொட்டடியிலிருந்து வீடு திரும்பவில்லை. விழாப் பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பேச்சை முழுதும் கேட்டிருக்கிறார். நாகமலையில் மாடு காணாமல் போனது நிஜம். ஆள் அகப்படாமல் கிடந்த கேஸ் அது. இப்போது துரைக்கு முன்னால், ஊரே சாட்சியாக, ஒருவன் தானே ஒப்புக்கொண்டுவிட்டான்.

நல்லகாமன் தல்லாகுளத்துக்கு ஓடினான். ராவ்சாகிப் கிணற்றடியில் உட்கார்ந்து வெள்ளி வழிப்பானால் நாக்கு வழித்துக்கொண்டிருந்தார். முழுக்க வழித்துக் காறித் துப்பி முடிக்கும்வரை அவன் நின்றான்.

"நீங்க சொல்லிக்கொடுத்த கதைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. விட்டுருவாங்க."

"துரை முன்னாடி பொய் பேச வச்சேன்னு என் வாயாலயே சொல்லணுமா? மணியில வைக்கோலை வச்சதையும் நானா சொல்லிக்கொடுத்தேன்?"

"எங்கப்பா ஜெயிலுக்குப் போறாருங்க."

"உங்க ஆளுகளுக்குப் பழக்கந்தானே." வாய் கொப்பளித்தார். "அப்புறம், கேஸ் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பணம் கொடுக்கச் சபை விதியில இடமில்ல. மனசுல வச்சுக்க."

அங்கிருந்து கண்ணுச்சாமியின் வீட்டுக்குப் போனான். அவரும் விழாவுக்கு வந்து கைதட்டியவர். பேயாண்டி எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர், "ராவ்சாகிப் காலேஜ் கமிட்டியிலயும் இருக்காரு நல்லகாமா. நானும் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார். வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். அதைக் குடித்துத் தொலைத்தேன் என்று சொல்லும்போது நல்லகாமனின் முகம் கோணும். வைகைப் பாலத்துக்கு வருவதற்குள் எல்லாம் வாந்தியாகிவிட்டது.

பேயாண்டிக்கு ஆறு மாதம் கடுங்காவல். சென்னையில் சேரவேண்டிய தேதி வந்து போயிற்று. அந்த இடத்தில் வேறு ஒருவன் சேர்ந்திருப்பான். நல்லகாமன் ஆத்தாவோடு சேர்ந்து உழுதான். ஜெயிலுக்கு முதல் தடவை பார்க்கப் போனபோது பேயாண்டி, "இன்னும் மெட்ராஸ் போகலையாடா?" என்று கேட்டார்.

"போகலப்பா. பணம் இல்லைன்னுட்டாங்க."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நான் நல்லாத்தான பேசினேன்?"

"நல்லாப் பேசினீங்கப்பா."

அதற்குப் பிறகு அவன் ஆசிரியர் பயிற்சி முடித்து எங்கள் பள்ளிக்கு வந்தான். காலேஜில் நடத்தவேண்டிய கணக்குகளை மத்தியான இடைவேளையில் கரும்பலகையில் தனக்குத்தானே போட்டு அழிப்பான். எங்களில் யாருக்கும் அது புரியாது.

நாற்பத்தேழில் ரேகைச் சட்டம் போனது. அதைக் கொண்டாட அதே சபை விழா வைத்தது. பட்டத்தைத் துறந்து கதர் கட்டியிருந்த சபாநாயகம் பேயாண்டிக்கு ஆள் அனுப்பினார். நல்லகாமன் போகக்கூடாது என்றான். கிழவர் கேட்கவில்லை. அந்தத் திருட்டைத் தாம் செய்யவில்லை என்று அதே மேடையில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும் என்று வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேயாண்டி வந்து சேர்ந்தார். தோளில் ஒரு துண்டு போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"பேசினீங்களாப்பா?"

"நேரம் இல்லைன்னுட்டாங்க. உக்கார வச்சாங்க." தண்ணீர் வாங்கிக் குடித்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. "உன்னைப் பத்தி அந்த அய்யா பேசினாருடா. எங்க சபையால படிச்சு வாத்தியாரானவன்னு உன் பேரைச் சொன்னாரு. என்னா கைதட்டுங்கிற."

நல்லகாமன் பிசைந்த சோற்றை அப்படியே வட்டிலில் விட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினான்.