மைக் ஒயரில் வைத்த விரல்

பாகூரில் எங்கள் வீட்டு உள்ளறைதான் என் ரெக்கார்டிங் ரூம். ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர், எதிரொலி வராமலிருக்கச் சுவரில் இரண்டு கம்பளி. வண்டியில் ஓட விடும் விளம்பரங்களைப் பதிவு செய்து கொடுக்கிறேன். அதிகம் பேச வராத எனக்கு, பிறர் பேசுவதைக் கேட்கிற வேலை பொருந்திவிட்டது.

பனித்திட்டிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் வந்தார். கூவிக் கூவித் தொண்டை புண்ணாகிவிட்டதாம். இனியும் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மறுநாளே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மைக்கைப் போட்டதும் 'ங்ங்' என்று இரைச்சல். எங்கள் வீட்டில் எர்த் கிடையாது, ஒயரும் மட்டமானது. ஒயர் முனையிலுள்ள ஜாக்கை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் அடங்கும். கம்ப்யூட்டருக்கே என் இரண்டு கையும் சரியாகிவிடும் என்பதால் மனைவியைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். முந்தின வாரம் இதே அக்கா கொடுத்த சங்கரா மீன் குழம்பிலே கரைந்துபோனதை நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் சுத்தமாகப் பதிந்தது. "இன்னிக்கிப் புடிச்ச மீனு" என்றதும் 'ங்ங்'. மறுபடி எடுத்தோம். அதே இடத்தில் 'ங்ங்'. மூன்றாம் தடவை திரும்பிப் பார்த்தேன். மனைவியின் விரல் ஜாக்கிலிருந்து நூலளவு தள்ளி நின்றது. முகம் மட்டும் சாமி முன்னால் நிற்கிற முகம். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னா தம்பி, அத்த சொன்னா மட்டும் இரையுது?" என்றார் அக்கா.

"பொய்யி அதுக்கு ஆவாதுக்கா" என்றாள் மனைவி.

அக்கா அவள் விரலைப் பார்த்தார். "சங்கராவா? அது ஐஸு மீனுடி. தெனமும் கடலு குடுக்குமா?"

"ஐஸுன்னு சொல்லியிருந்தா வறுத்திருப்பேன்ல?"

அக்கா தொண்டையைத் தடவிக்கொண்டார். வாதாட அவருக்குக் குரலில்லை. "இன்னிக்கி மீனும் இருக்கு, ஐஸு மீனும் இருக்கு, கேட்டு வாங்கிக்கம்மா" என்று மைக்கில் சொன்னார். ஒரே தடவையில், கண்ணாடி மாதிரி பதிந்தது.

மறுநாள் மாலையே திரும்பி வந்தார். தெருவுக்குத் தெரு எல்லாப் பெண்களும் எது இன்றைக்கு, எது ஐஸு என்று கேட்டுத் துளைத்ததில் குரல் காற்றாகிவிட்டது. இனி பச்சைக் கூடை இன்றைய மீன், சிவப்புக் கூடை ஐஸு மீன், அதையும் சேர்த்துப் பதிய வேண்டுமென்று பாதி சைகையில் சொன்னார். "உன் பொண்டாட்டியால வந்தது" என்பதை மட்டும் வலியைப் பொறுத்துக்கொண்டு வாயாலேயே சொன்னார்.

நான் கூப்பிடும் முன்பே மனைவி வந்து ஜாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.