வெசாக் கூடான ஜப்பான் கோயில்

கல்யாணமான மறுவருஷம். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில் எங்கள் துணிக்கடைக்கு மேல்தளத்திலேயே குடியிருந்தோம். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி வாங்கப் போன என் வீட்டுக்காரர், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தோடு வந்து நின்றார்.

"நாற்காலி எங்கடா?" என்றார் அத்தை, அதாவது என் மாமியார்.

"அதை வேற ஆள் எடுத்துட்டாரும்மா. இது ஜப்பான் படம். மரக்கட்டையில செதுக்கி, நிறத்துக்கு ஒரு கட்டையா வச்சு அச்சடிப்பாங்களாம். துரைசாணி சொன்னாங்க."

"நம்ம அச்சுச் சேலை மாதிரின்னு சொல்லு." அத்தை அப்போதே சமாதானமாகிவிட்டார்.

படத்தில் அடுக்கடுக்கான கூரையோடு ஒரு சிவப்புக் கோயில். கூரை ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. எங்கு பார்த்தாலும் வெண்பனி. அதைக் கடையில் மாட்டினோம். சேலை எடுக்க வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி பார்த்ததும் பதறிப்போனாள். "ஐயோ, இம்புட்டுப் பனி கொட்டியிருக்கே! கொழுந்தெல்லாம் கருகிப் போயிருக்குமே!"

அத்தையின் கவலை வேறு. உள்ளே எந்தச் சாமி? பிள்ளையார்தான் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். பக்கத்து பேக்கரிக்காரரின் மனைவி, சிங்களப் பெண், அதைக் கேட்டுச் சிரித்தார்.

"இல்ல அம்மா, இது எங்க பன்சலதானே! உள்ளுக்கு புத்தர்."

அத்தை கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா, உள்ள உங்க சாமி இருக்கட்டும். வாசல்ல எங்க பிள்ளையார் இருந்துட்டுப் போகட்டும்."

அந்த வருஷம் புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமிக்கு இதே வடிவில் விளக்குக் கூடு கட்டலாமா என்று பேக்கரிக்காரரின் மனைவி கேட்டார். அவர் கணவர் மூங்கில் சீவினார். நாங்கள் சிவப்புத் தாள் வெட்டினோம். கூரையின் வளைவுதான் வரவில்லை. வளைத்தால் மூங்கில் படக்கென்று ஒடிந்தது. பேக்கரி அடுப்புச் சூட்டில் காட்டி மெதுவாக வளைத்துப் பார்த்தேன், வளைவு நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சையெல்லாம் அத்தை கொண்டுவந்து கூரைமேல் பனியாக ஒட்டினார்.

வெசாக் அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் வீதியே திரண்டுவிட்டது. தள்ளியிருக்கும் வட்டகொடையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நாலு பேராகத் தூக்கி, கூட்டை பேக்கரிக்குள் கொண்டுபோனோம். கூட்டமும் பின்னாலேயே உள்ளே நுழைந்தது. பாண் வாசனைக்கு நடுவே அத்தை, தமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், வந்தவர்களுக்கெல்லாம் ஜப்பான் கோயிலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.