அம்மா மூக்கைத் தொட்டால்

சாமளாபுரத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறிகள் ஓடின. அவை ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. முகத்தையும் உதட்டையும் பார்த்து, கையை அசைத்துத்தான் எங்கள் பேச்செல்லாம். இரண்டு விரல்களைக் கத்தரிபோல ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்த வேண்டும். கட்டைவிரலை வாய்ப் பக்கம் சாய்த்தால் டீ வந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று யார் கண்டுபிடிக்க முடியும்? எங்கள் வீட்டில் எனக்குக் கெட்டிக்காரி என்றே பேர்.

பள்ளிக்கூடத்தில்தான் மக்கு. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவார். எனக்கு அவருடைய பின்னல் மட்டும் தெரியும். பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறாளோ அதையே நானும் செய்துகொண்டு மூன்றாம் வகுப்பு வரை வந்துவிட்டேன். அங்கே பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்கு முன் அம்மா அந்த வாசலை மிதித்தது என்னைச் சேர்க்க வந்த அன்று மட்டும்தான். காது கேளாத, படிப்பு வராத பிள்ளைகளைப் பார்க்க ஒரு டீச்சர் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார், என்னையும் காட்ட வேண்டும் என்று சொன்னார்களாம்.

வீட்டுக்கு வந்த அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. காரணம் எனக்கும் தெரியும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனை இப்படித்தான் யாரோ வந்து பார்த்தார்கள். அப்புறம் அவன் கோயம்புத்தூரில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வந்தவன், திரும்பப் போகிற அன்று பஸ் ஏறாமல் அவன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் அழுத சத்தம் எனக்கு ஞாபகமில்லை. அந்த வாய் எவ்வளவு பெரிதாகத் திறந்திருந்தது என்பது ஞாபகமிருக்கிறது. அது கண்ணை மூடினால் வந்தது.

வழி சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே தறி ஓட்டினார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அந்த வழியில் போனவர்கள் பெரும்பாலும் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும். அந்தப் பையனின் அப்பாவிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். டீச்சர் பின்னால் நின்று மணி அடிப்பார், கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும், சோதனை அவ்வளவுதான்.

"அக்கா, நீ எதுக்கால உக்காந்துக்கோ. மணி அடிச்சா மூக்கத் தொடு. இவ கையத் தூக்கீருவா. தறி ஓடறப்ப நாம பண்ணாததா?" என்றார்.

"டீச்சருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியறதுக்கு அவிங்க என்ன தறியா ஓட்டறாங்க? சித்த சும்மா இருங்க மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்றிருந்தபோது ஒத்திகை நடந்தது. மாமா என் முதுகுக்குப் பின்னால் டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா மூக்கைத் தொட்டாள். நான் கையைத் தூக்கினேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை. மாமா முன்னால் வந்து குனிந்து, நான் பார்க்கும்படி உதட்டை விரித்துச் சொன்னார்: "அங்கயும் இப்படியே பண்ணோணும் கண்ணு. தப்புனா கோயமுத்தூர் பஸ்ஸுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

வந்த டீச்சர் சின்ன வயதுக்காரர். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போனார். எதிரே சுவரோரம் அம்மா. ஜன்னலுக்கு வெளியே மாமா. நான் மூச்சுக்கூட விடாமல் அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அது தகரக் கூரை போட்ட அறை. அம்மாவுக்கு வேர்த்து மூக்கு நுனியில் சொட்டு நின்றது. முந்தானையால் துடைத்தாள். நான் கையைத் தூக்கினேன்.

மணி அடிக்கவில்லை என்பது அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. தப்பு செய்துவிட்ட பதற்றத்தில் அவள் கையால் வாயைப் பொத்தினாள். விரல் மூக்கில் பட்டது. நான் மறுபடியும் தூக்கினேன்.

டீச்சர் முன்னால் வந்து என் பக்கத்தில் குந்தினார். என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்று திரும்பி அம்மாவைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மாமாவைக் காணோம், கம்பிகள் மட்டும் இருந்தன.

டீச்சர் திட்டவில்லை. கன்னத்தைத் தட்டி, வெளியே இருக்கச் சொல்லிக் கைகாட்டினார். நான் போய் அதே ஜன்னலில் நின்றேன். டீச்சரின் முதுகு தெரிந்தது. அவர் சொன்னது ஒன்றும் எனக்கு எட்டவில்லை. அம்மாவின் உதடு மட்டும் தெரிந்தது.

"தப்புத்தானுங்க. புள்ளைய மட்டும் அனுப்பீராதீங்க."

டீச்சர் வெகுநேரம் பேசினார். பேசப்பேச அம்மாவின் முகத்தில் பயம் கூடிக்கொண்டே போயிற்று. "முடியாதுங்க," என்றாள். "என்னால முடியாதுங்க டீச்சர்." கண்ணைத் துடைத்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்தார். கடைசியில் அம்மா மெதுவாகத் தலையாட்டினாள்.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் சம்மதித்துவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்ட என் விரல்களை அம்மாதான் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

வழியில் ஒரு கடையில் நின்று சிலேட்டும் பலப்பமும் வாங்கினாள். விடுதிக்குப் போகிறவர்களுக்குப் புதுச் சாமான் வாங்கித் தருவார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் யாரும் சிலேட்டு கொண்டுபோவதில்லையே என்று யோசித்து, விடுதியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வீடு வரும்வரை நான் அவள் சேலையை விடவில்லை.

டீச்சர் என்ன சொன்னார் என்பதை, என் காதுக்கு மெஷின் வந்து பல வருஷம் கழித்துத்தான் அம்மா சொன்னாள். பிள்ளையை எங்கேயும் அனுப்ப வேண்டாம், முன்பெஞ்சில் உட்காரட்டும், மெஷினுக்கு ஏற்பாடு செய்யலாம். ஆனால் வகுப்பில் நடத்தியதை அம்மா தினமும் எதிரே உட்கார்ந்து, உதடு தெரிய, மறுபடி சொல்லித்தர வேண்டும் என்றாராம். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவள் முடியாது என்றது அதற்குத்தான்.

அந்தச் சிலேட்டை அவள் தனக்காக வாங்கியிருந்தாள்.