பாப்டிஸ்ட் கொடுத்த வாக்கு

மிஸ் எர்மினுக்கு எரிச்சல் போலீஸ் நிலைய வாசலிலேயே தொடங்கிவிட்டது. டபுள்ஸ் என்னும் கொண்டைக்கடலை ரொட்டி விற்கும் சூக்கு அங்கே பெஞ்சில் காத்திருந்தான். அவன் தள்ளுவண்டி திருடு போய் ஒரு வாரமாக வீட்டில் வருமானம் இல்லை.

"திருடன் ஒத்துக்கிட்டான் மிஸ். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் கேஸ் நிக்குமாம்."

தபால் நிலையத்தில் ஓய்வுபெற்றவர் மிஸ் எர்மின். ட்ரினிடாட்டின் அந்தச் சிறு ஊருக்கு அவர்தான் ஜே.பி., அதாவது சமாதான நீதிபதி. கைதானவன் சொன்னதை மனமுவந்துதான் சொன்னானா என்று விசாரித்துச் சான்று எழுத வேண்டும். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

கார்ப்பரல் பாப்டிஸ்ட் தாளை நீட்டினார். "எழுதி முடிச்சாச்சு மிஸ். கீழ ஒரு கையெழுத்து."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணுக்குச் சம்மதமான்னு கேக்கவா என்னைக் கூப்பிட்ட? வெளிய நில்லுய்யா."

உள்ளே, கைதாகியிருந்த டெரல் சிரித்த முகமாக இருந்தான். ஸ்டீல் பேண்ட் குழுவில் வாசிப்பவன்.

"யாராவது அடிச்சாங்களா?"

"ஐயோ, கார்ப்பரல் தங்கமான மனுஷன். சாப்பாடுகூட வாங்கித் தந்தாரு."

"ஏதாவது செய்றேன்னு சொன்னாரா?"

"ஒத்துக்கிட்டா பானோரமா வாசிப்புப் போட்டிக்கு விட்டுர்றேன்னாரு. நான் இல்லேன்னா எங்க குழு அவ்வளவுதான் மிஸ். ஆனா திருடுனது நெசந்தான்."

மிஸ் எர்மின் தலையில் அடித்துக்கொண்டார். வாக்குமூலத்தை அடித்து வாங்கினாலும் ஆசை காட்டி வாங்கினாலும் நீதிமன்றம் அதை ஏற்காது. பாப்டிஸ்டுக்கு எத்தனை முறை சொல்லியும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கேட்டதை அப்படியே தாளில் எழுதிவைத்தார்; மனமுவந்து சொன்னதாகச் சான்று தரவில்லை.

"ஒத்துக்கிட்டவனை விடுறீங்களே, நீங்க யார் பக்கம்?" என்றான், வெளியே விஷயத்தைக் கேட்ட சூக்கு. தினமும் அவனிடம் சாப்பிட்டவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

"வண்டியைத் தேடினியா?" என்று பாப்டிஸ்டிடம் சீறினார்.

"அவன்தான் ஒத்துக்கிட்டானே, எதுக்குத் தேடணும்?"

"அவன் பேச்சு இனிமே செல்லாது. வண்டி கிடைச்சா அது சாட்சி சொல்லும்."

உள்ளிருந்து டெரல் குரல் கொடுத்தான். "எங்க சித்தி வீட்டுக்குப் பின்னாடிதான் வண்டி இருக்கு, கார்ப்பரல். யாரும் கேக்கலையே."

வண்டி அன்றே கிடைத்தது. ஆனால் வேறு சாட்சி இல்லாததால், வழக்கு முடியும்வரை அதை வெளியே விடக்கூடாது என்றார்கள். வழக்கோ வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. நிலைய முற்றத்தில் மழையில் நனைந்து வண்டி துருவேறியது. கம்பி வேலிக்கு வெளியே நின்று சூக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் ஒத்துக்கிட்ட அந்தத் தாள் செல்லுபடியாகியிருந்தா, என் வண்டியை என்கிட்டயே தந்திருப்பாங்க இல்ல மிஸ்?"

மிஸ் எர்மின் ஆமாம் என்றார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.