மணி அடிக்காத தீபாராதனை

மகளுக்கு அப்போது மூன்றாவது மாதம். மைசூரில் ரயில்வே குவார்ட்டர்சில் இருந்தோம். காலைப் பூஜையில் இடது கையால் மணியை ஆட்டி, வலது கையால் அம்மன் படத்துக்குக் கற்பூரம் காட்டுவேன். பாயில் கிடக்கும் குழந்தை உடனே தலையைத் திருப்பும். "பாத்தீங்களா, ஜோதியப் பாக்கறா" என்று வீட்டுக்காரரிடம் தினமும் சொல்வேன். சொல்லிவிட்டு மறுபடி குழந்தையின் கண்ணையே பார்ப்பேன். வீட்டுக்காரருக்கும் அவர் அப்பாவுக்கும் பிறவியிலேயே கண்புரை. சிறு வயதில் ஆபரேஷன் ஆகி, தடித்த கண்ணாடியோடு வளர்ந்தவர் அவர். எனக்கு எப்படி மனசு நிலைகொள்ளும்?

ஒரு வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான்களைப் புளி போட்டுத் துலக்கி முற்றத்தில் காய வைத்திருந்தேன். மணியை எடுத்துவர மறந்து கற்பூரத்தை ஏற்றிவிட்டேன். குழந்தை திரும்பவில்லை. தட்டை அருகில் கொண்டுபோனேன். பார்வை எங்கோ அலைந்தது. ஓடிப்போய் மணியை எடுத்து ஆட்டினேன். சட்டென்று திரும்பினாள்.

இத்தனை நாளும் அவள் கேட்டிருக்கிறாள், பார்க்கவில்லை. நான் அதற்காக அம்மனுக்கு நன்றி வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இவளுக்கு ஜோதி தெரியலீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கண்ணுதான் வந்திருச்சு."

"உங்க மூக்கு நல்லாத்தான இருக்குது, அதக் குடுத்திருக்கலாமில்ல?" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வீட்டுக்காரரின் வம்சத்தையே விசாரித்து ஒரு தாளில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம் என்று போட்டார். டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னதில் எனக்கு விளங்கியது இது: கண்ணின் லென்ஸ் ஒருவகைப் புரதத்தால் ஆனது. அதை உண்டாக்கும் ஜீனில் பிழை இருந்தால் லென்ஸ் தெளியாமல் கலங்கிப்போகும். அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரலாம்.

"மாசமா இருக்கறப்ப சூரிய கிரகணத்தன்னிக்கு நான் வெளிய வந்துட்டனுங்க. அதனாலயா?" என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன்.

"சூரியன் மேலே பழி போடாதேம்மா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தாமதித்தால் மூளை பார்க்கவே பழகாது என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வீணாய்ப் போவதுபோல் பதறினேன். ஆபரேஷன் நடந்தபோது வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். சுலோகம் பாதியில் மறந்து மறந்து போனது.

"சித்த உக்காரு. நீ நடந்தா சீக்கிரம் முடிஞ்சிருமா?" என்றார் வீட்டுக்காரர்.

"உக்காந்தா மட்டும் முடிஞ்சிருமா?"

புரை எடுத்து, சில வாரம் கழித்துச் சின்னஞ்சிறு கண்ணாடியை நாடாவால் தலையில் கட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை மணியைத் தொடவில்லை. கற்பூரத்தை ஏற்றி வலமாகச் சுற்றினேன். அவள் கண்கள் கூடவே வந்தன. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இடமாகச் சுற்றினேன்.

"ஏய், அம்மனுக்கு இப்படியா சுத்துவாங்க?" என்று பதறினார் வீட்டுக்காரர்.

"அவ பொறுத்துக்குவா. நீங்க புள்ளயப் பாருங்க."

கற்பூரம் அணையும்வரை மாற்றி மாற்றிச் சுற்றினேன்.